திரையில் பேச்சு தெளிந்த வரலாறு

திரைப்படத்தில் ஒரு பாத்திரம் பேசும் சொல் பார்வையாளரின் காதை வந்தடையும்போது, நடிகரின் வாயிலிருந்து புறப்பட்ட அதே ஒலியாக அது இருப்பது அரிது. படப்பிடிப்புக்கும் திரையிடலுக்கும் இடைப்பட்ட பணிக்கூடத்தில் அது பலமுறை செப்பனிடப்படுகிறது. அச்செப்பனிடலில் மிகப் பழையவையும் இன்றுவரை தவிர்க்க முடியாதவையுமாக நிற்பவை இரண்டு கருவிகள். குரலில் கலந்துள்ள தாழ்ந்த, இடைப்பட்ட, உயர்ந்த அதிர்வெண்களின் விகிதத்தை மாற்றியமைப்பது ஈக்வலைசர். உரத்த பகுதிகளைத் தானாகவே தணித்து, உரத்த பேச்சுக்கும் மெல்லிய பேச்சுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறுக்குவது கம்ப்ரசர். குரலுக்கு மெருகேற்றப் பிறந்த கருவிகளாகவே இவை இன்று பெரும்பாலும் அறியப்படுகின்றன. ஆனால் குறுகிய ஊடகம் ஒன்றின் வழியே பேச்சைப் புரியும்படி கடத்தியாக வேண்டிய நெருக்கடியில் பிறந்து, ஊடகம் விரிந்த பின்னரும் கேட்பவர் அமர்ந்திருக்கும் இடம் மாறிக்கொண்டே வந்ததால் ஓய்வு பெறாமல் நிலைத்துவிட்டவை என்பதே இவற்றின் வரலாறு காட்டும் உண்மை.

இரண்டுக்கும் பிறப்பிடம் தொலைபேசித் துறை. பல நூறு மைல் நீளும் செப்புக் கம்பியில் உயர் அதிர்வெண்கள் தாழ் அதிர்வெண்களைவிட விரைவாகத் தேய்ந்துபோவதால், மறுமுனையில் குரல் மந்தமாகி, உயிரெழுத்துகள் கேட்டும் மெய்யெழுத்துகள் கேளாமலும் போயின. தேய்ந்ததை ஈடுசெய்து எல்லா அதிர்வெண்களையும் பழைய அளவுக்குக் கொண்டுவரும் மின்சுற்றுகள் தொலைதூரக் கம்பிகளில் இணைக்கப்பட்டன. ஈக்வலைசரின் முதல் வடிவம் அதுவே. எந்த அதிர்வெண் எவ்வளவு தேவை என்பதை அறிய, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் சோதனை நடத்தினர். பொருளற்ற அசைகளை ஒருவர் வாசிக்க, அதிர்வெண்களில் ஒரு பகுதி வெட்டப்பட்ட சுற்றின் வழியே அவற்றைக் கேட்பவர்கள் காதில் விழுந்ததை எழுதினர். எத்தனை அசைகள் சரியாக எழுதப்பட்டன என்பது அந்தச் சுற்றின் தெளிவுக்கு அளவுகோலாயிற்று. 1929இல் வெளிவந்த ஃப்ளெட்சரின் நூல் அந்த முடிவுகளைத் தொகுத்தது. பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே அடங்கிவிடுகிறது என்றாலும், அப்பகுதி முழுவதையும் வெட்டி எறிந்தாலும் பேச்சு புரிவது சிறிதளவே குறைகிறது என்பதும், ஆற்றலில் மிகச் சிறிய பங்கே உள்ள 1000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில்தான் சொல்லுக்குச் சொல் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு தங்கியிருக்கிறது என்பதும் அந்த ஆய்வுகள் நிலைநாட்டிய செய்திகள்.

தமிழ்ச் செவிக்கு இதை உணர்வது கடினமன்று. பசி, பதி, படி, பனி, பணி, பலி, பழி ஆகிய சொற்கள் யாவும் ஒரே உயிரொலிகளைக் கொண்டவை. அவற்றைச் சொல்லும்போது தொண்டையிலிருந்து எழும் கனத்த ஒலி எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே. நாவு எங்கே தொடுகிறது, எவ்வளவு வளைகிறது என்பதால் நடுவிலும் உயரத்திலுமுள்ள அதிர்வெண்களில் தோன்றும் நுட்பமான மாற்றமே பலியையும் பழியையும் பிரித்துக் காட்டுகிறது. அந்த நுட்பம் மங்கினால், குரல் எவ்வளவு உரக்கக் கேட்டாலும் சொல் விளங்காது. உரத்துக் கேட்பது வேறு, தெளிந்து கேட்பது வேறு என்ற இந்தப் பிரிவினையே உரையாடல் ஒலியைப் பக்குவப்படுத்தும் தொழில் முழுவதற்கும் அடித்தளம்.

கம்ப்ரசரின் தேவை கடலின் மேல் எழுந்தது. 1927 ஜனவரி 7ஆம் நாள் நியூயார்க்கையும் லண்டனையும் இணைத்து வானொலி அலை வழியான தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. முதல் மூன்று நிமிடங்களுக்குக் கட்டணம் 75 டாலர். இவ்வளவு பணம் கொடுத்துப் பேசியவர்களில் மெல்லிய குரலினரின் சொற்கள் வளிமண்டலத்தின் மின் இரைச்சலில் மூழ்கிப்போயின. உரத்த குரலினரோ அனுப்பும் கருவியின் தாங்குதிறனை மீறினர். இரு கரைகளிலும் தொழில்நுட்பர்கள் அமர்ந்து ஒவ்வோர் அழைப்புக்கும் ஒலியளவைக் கையால் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. அனுப்பும் முனையில் ஒலியளவின் வீச்சைச் சுருக்கி, பெறும் முனையில் அதே அளவுக்கு விரித்துக்கொடுக்கும் கருவியை பெல் நிறுவனத்துப் பொறியாளர்களான மேத்ஸும் ரைட்டும் 1934இல் விவரித்து எழுதினர். சுருக்குதலும் விரித்தலும் சேர்ந்த அந்தக் கருவிக்கு காம்பாண்டர் என்று பெயர். அதில் சுருக்கும் பாதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் கிடைப்பதுதான் திரைப்படத் துறை பின்னர் கைக்கொண்ட கம்ப்ரசர்.

பேசும் படம் பிறந்ததும் அதே தொலைபேசிக் குடும்பத்தில்தான். வார்னர் சகோதரர்கள் 1926இல் "டான் ஜுவான்" படத்துடன் அறிமுகப்படுத்திய வைட்டஃபோன் முறை, பெல் ஆய்வகத்தில் உருவாகி, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வழியே ஹாலிவுட்டுக்கு வந்தது. 16 அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழன்று ஒரு ரீல் படத்துக்கு ஒலி கொடுத்தது. 1927 அக்டோபரில் வெளியான "தி ஜாஸ் சிங்கர்" பாட்டோடு சில வரிப் பேச்சையும் கொண்டிருந்தது. 1928இன் "லைட்ஸ் ஆஃப் நியூயார்க்" முழுக்க முழுக்கப் பேசியது. தட்டில் பதிந்ததை வெட்டவோ ஒட்டவோ இயலாது. தட்டிலிருந்து தட்டுக்கு மறுபதிவு செய்தால் இரைச்சல் கூடியது. ஆகவே பிற்காலத்தில் படப்பிடிப்புக்குப் பிந்தைய பணி என்று பிரிந்துபோன அனைத்தையும் படப்பிடிப்பின்போதே, கண்ணாடி அறையில் அமர்ந்திருந்த ஒலிக்கலவையாளர் தன் விரல்களால் செய்து முடிக்க வேண்டியிருந்தது. நடிகர் கத்தப்போகும் வரியை முன்கூட்டியே அறிந்து குமிழைத் திருப்புவதும், முணுமுணுக்கும் வரியில் ஏற்றுவதும் அவருடைய அன்றாட வேலை. மனிதக் கையால் இயங்கிய முதல் கம்ப்ரசர் அவரே எனலாம்.

தட்டை வென்று நிலைத்த படச்சுருள் ஒலி முறைக்கும் அதன் குறுகல் இருந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையில், எட்வர்ட் வென்ட் உருவாக்கிய ஒளி வால்வு எனும் கருவியில், மிக நுண்ணிய இடைவெளிவிட்டு இழுத்துக் கட்டப்பட்ட உலோக நாடாக்கள் குரலுக்கேற்ப அதிர்ந்து, படச்சுருளில் விழும் ஒளியைக் கூட்டிக் குறைத்தன. குரல் அளவு மீறினால் நாடாக்கள் ஒன்றோடொன்று மோதி, பேச்சு கரகரத்தது. குரல் மிகத் தணிந்தாலோ படச்சுருளின் வெள்ளித் துகள்கள் எழுப்பும் இரைச்சல் அதை விழுங்கியது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே இருந்த இடம், ஒரு மனிதன் கிசுகிசுப்பிலிருந்து கூச்சல் வரை இயல்பாகப் பேசும் வீச்சைவிடச் சிறியது. ஆனால் படச்சுருளை வெட்டி ஒட்டலாம்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மறுபதிவு செய்யலாம். 1930களின் தொடக்கத்தில் இரைச்சலைக் குறைக்கும் முறைகள் வந்த பின், பேச்சு, இசை, பின்னணி ஒலி ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து பின்னர் கலக்கும் மறுபதிவு அறை ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் தோன்றியது. குரலைச் செப்பனிட ஓர் இடமும் நேரமும் அப்போதுதான் கிடைத்தன.

அந்த அறையில் பொறியாளர்கள் எதிர்கொண்ட முதல் புதிர், இத்தொழிலின் வரலாற்றிலேயே மிகச் சிந்தனைக்குரியது. மைக்கும் பெருக்கியும் ஒலிபெருக்கியும் மேம்பட மேம்பட, ஒலி உண்மைக்கு நெருங்க வேண்டும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பு. ஆனால் எதையும் கூட்டாமல் குறைக்காமல் பதிந்த குரலை அரங்கில் ஒலிக்கவிட்டபோது, அது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கனத்து உருண்டது. இயந்திரம் பிழை செய்யவில்லை. கேட்கும் சூழ்நிலை மாறியிருந்தது. இருவர் மேசையின் இரு பக்கமும் அமர்ந்து தணிந்த குரலில் பேசும் காட்சி, ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசைவரை எட்ட வேண்டியிருப்பதால், இயல்பைவிடப் பல மடங்கு உரக்க ஒலிக்கப்படுகிறது. ஒலியளவு ஏறும்போது மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே விகிதத்தில் உணர்வதில்லை என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் காட்டின. அளவைக் கூட்டக் கூட்டத் தாழ்ந்த அதிர்வெண்கள் மற்றவற்றைவிட வேகமாக உரத்துத் தோன்றுகின்றன. இதனோடு பேசுபவரின் முயற்சியும் சேர்ந்துகொள்கிறது. ஒருவர் உரத்துப் பேசும்போது அவர் குரலின் உயர் பகுதி கூடுதலாக வலுப்பெறுகிறது. தணிந்து பேசும்போது தாழ்ந்த பகுதியே மேலோங்குகிறது. தணிந்து பேசிய குரலை இயந்திரத்தால் உரக்க ஒலிக்கச் செய்தால், உரத்த குரலுக்குரிய அளவும் தணிந்த குரலுக்குரிய நிறமும் கொண்ட, உலகில் எவரும் கேட்டிராத ஒரு குரல் பிறக்கிறது. அரங்கச் சுவர்களில் தாழ்ந்த ஒலிகள் நெடுநேரம் எதிரொலித்து அடுத்த அசையை மூடுவது இவற்றுக்கெல்லாம் மேலான தொல்லை.

இதற்குத் தீர்வாக, குரலின் தாழ்ந்த பகுதியைப் படிப்படியாகச் சரித்து, பல இடங்களில் 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்று உயர்த்தும் சுற்று ஒன்று, உரையாடலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இசைக்கு அது பயன்படவில்லை. பேச்சுத் தடத்தில் மட்டும் நிலையாக இணைக்கப்பட்டதால் உரையாடல் ஈக்வலைசர் என்றே வழங்கிற்று. 1930களின் இறுதியில் லாய், மார்கன் என்னும் பொறியாளர்கள் திரைப்படப் பொறியாளர் சங்கத்தின் இதழில் இந்த வழக்கத்துக்குரிய காரணங்களை ஆராய்ந்து எழுதினர். அவர்களுக்கு முன்பே ஸ்டுடியோக்களின் கலவையாளர்கள் அளவுக்கருவியின் உதவியின்றிக் காதை மட்டுமே நம்பி ஏறத்தாழ அதே வளைகோட்டை வந்தடைந்திருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. கருவியின் துல்லியம் செவிக்கு நேர்மையாகாது என்று அறிந்து, குரலை மாற்றியே அதன் இயல்பைக் காக்க வேண்டும் என்று துணிந்த அந்தத் தலைமுறைக் கலைஞர்களின் பெயர்களில் பெரும்பாலானவை படங்களின் எழுத்தோட்டத்தில்கூட இடம்பெறவில்லை. ஸ்டுடியோ ஒலித்துறைத் தலைவரின் பெயரே அந்நாளில் திரையில் வந்தது.

ஒவ்வொரு ஸ்டுடியோவும் தனக்கென ஒரு வளைகோட்டைக் கொண்டிருந்ததும், ஒவ்வோர் அரங்கும் ஒவ்வொரு வகை ஒலிபெருக்கியை வைத்திருந்ததும் அடுத்த சிக்கலாயின. எம்ஜிஎம் நிறுவனத்தின் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரரின் முயற்சியில், ஜான் ஹில்லியர்ட் முதலியோர் வடிவமைத்த ஷியரர் ஹார்ன் என்னும் இருவழி ஒலிபெருக்கி 1930களின் நடுவில் அரங்குகளுக்கு வந்தது. 1938இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் ஆய்வுக் குழு எல்லா அரங்குகளுக்கும் பொதுவான ஒரு தரத்தை வகுத்தது. அகாடமி வளைகோடு எனப்படும் அத்தரத்தின்படி, அரங்கின் ஒலி 100 முதல் 1600 ஹெர்ட்ஸ் வரை சமமாக நின்று, 5000 ஹெர்ட்ஸில் 10 டெசிபலும் 8000 ஹெர்ட்ஸில் 18 டெசிபலும் சரிந்துவிடும். உயர் பகுதியை இவ்வாறு அடக்கியது படச்சுருளின் இரைச்சலை மறைக்கத்தான். அதனால் நாட்டின் எந்த அரங்கிலும் ஒரு படம் ஏறத்தாழ ஒரே மாதிரிக் கேட்கும் நிலை வந்தது. அது பெரிய சாதனை. ஆனால் மறுபதிவு அறையில் அமர்ந்த கலவையாளரும் அதே சரிவின் வழியே கேட்டதால், மெய்யெழுத்துகளை மீட்க உரையாடலின் உயர் பகுதியை மேலும் மேலும் ஏற்றினார். ஏற்றிய ஒலி படச்சுருளில் திரிபடைந்தது. திரிபை மறைக்க அரங்கின் சரிவு இன்னும் தேவைப்பட்டது. இந்தச் சுழலிலிருந்து திரையுலகம் விடுபட ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. அக்காலப் படங்களை இன்றைய கருவிகளில் அப்படியே ஒலிக்கச் செய்தால் பேச்சு கீச்சென்று ஒலிப்பதற்கும், பழைய படங்களை மீட்டெடுப்பவர்கள் முதலில் அகாடமி வளைகோட்டை மறுபடி பொருத்துவதற்கும் காரணம் இதுவே.

அகாடமி வளைகோடு வந்த அதே ஆண்டில் கம்ப்ரசரும் பேச்சுக்கு வந்தது. ஆர்கேஓ ஸ்டுடியோவின் ஜான் ஆல்பர்க், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இருவரும் ஒலியளவை நேர்விகிதமின்றிச் சுருக்கும் முறையை உரையாடல் பதிவில் பயன்படுத்துவதுபற்றி 1938இல் எழுதினர். அதே ஸ்டூவர்ட்தான் வானொலி நாடகத்திலிருந்து வந்த ஆர்சன் வெல்ஸுடன் 1941இல் "சிட்டிசன் கேன்" படத்தின் ஒலிக்கலவையில் பணியாற்றினார். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறிவரும் காட்சிகள் அப்படத்தில் நிறைந்துள்ளன. அத்தகைய பேச்சில் ஒவ்வொரு குரலும் எந்த அளவில் நிற்கிறது என்பதைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கே சொற்கள் வசப்படும்.

கம்ப்ரசர் இயங்கும் விதத்தை ஒரு வரியைக் கொண்டு காணலாம். "இங்கே வா" என்று தணிந்து தொடங்கி, "வா என்கிறேன்!" என்று உரத்து முடியும் பேச்சில், தொடக்கத்தைவிட முடிவு 20 டெசிபல் உயர்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஒலியளவு எந்த எல்லையைத் தாண்டினால் கருவி செயல்பட வேண்டும் என்பதைக் கலவையாளர் முதலில் குறிக்கிறார். தாண்டிய அளவை எந்த விகிதத்தில் சுருக்க வேண்டும் என்பது அடுத்தது. தணிந்த சொற்களின் அளவிலேயே எல்லையை வைத்து, 2க்கு 1 என்ற விகிதத்தைக் கொடுத்தால், 20 டெசிபல் வேறுபாடு 10 டெசிபலாகிறது. பின்னர் வரி முழுவதையும் சேர்த்து உயர்த்தினால் தணிந்த சொல்லும் கேட்கிறது, உரத்த சொல்லும் ஊடகத்தின் கூரையை இடிப்பதில்லை. எவ்வளவு விரைவாகப் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கழித்து விட வேண்டும் என்பவை நுட்பமான முடிவுகள். பிடிப்பு மிக விரைந்தால் வல்லின மெய்களின் வெடிப்பு மழுங்குகிறது. விடுவிப்பு மிக விரைந்தால், பேச்சின் இடைவெளிதோறும் மூச்சும் அறை இரைச்சலும் பொங்கி எழுந்து அடங்குகின்றன. மிகத் தாமதித்தால், உரத்த சொல்லை அடுத்து வரும் தணிந்த சொல்லும் சேர்ந்தே அடங்கிப்போகிறது.

கம்ப்ரசர் வந்ததும் எதிர்பாராத ஒரு குறை தலைகாட்டியது. சுருக்கப்பட்ட பேச்சில் ஸகர, ஷகர ஒலிகள் குத்தலாகக் கேட்டன. வார்னர் ஸ்டுடியோவின் பர்ட்டன் மில்லர் 1942இல் இதன் காரணத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார். ஆற்றல் மிகுந்த உயிரொலி வரும்போது கருவி அதைத் தணிக்கிறது. ஆற்றல் குறைந்த உரசொலி வரும்போது எல்லையைத் தாண்டாததால் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறது. எனவே உயிரொலிக்கும் உரசொலிக்கும் இயற்கையில் இருந்த விகிதம் குலைந்து, உரசொலி முன்னே துருத்துகிறது. மில்லர் காட்டிய தீர்வு, ஒலி செல்லும் பாதையில் எதையும் மாற்றாமல், எப்போது எவ்வளவு தணிக்க வேண்டும் என்று கம்ப்ரசருக்குச் சொல்லும் கட்டுப்பாட்டுப் பாதையில் மட்டும் ஓர் ஈக்வலைசரை இணைத்து, அதன் உணர்வை உயர் அதிர்வெண்களில் கூர்மையாக்குவது. அதனால் உரசொலியும் உரத்த ஒலியாகவே உணரப்பட்டுத் தக்கபடி தணிந்தது. படச்சுருளின் ஒளித்தடத்தில் உரசொலிகள் படிமம் பரவி எளிதில் சிதைபவை என்பதால் இந்தக் கண்டுபிடிப்பின் பயன் இருமடங்கு. பிற்காலத்தில் டீ-எஸ்ஸர் என்ற பெயரில் ஒவ்வொரு ஒலிக்கூடத்திலும் இடம்பிடித்த கருவிக்கு இதுவே முன்னோடி. இரண்டு தனிக் கருவிகளாக வந்தவை ஒன்றன் குறையை ஒன்று தீர்க்கும் இணையாக மாறிய இந்தத் தருணம், இசைப்பதிவு வரலாறுகளில் பெரும்பாலும் பேசப்படாமல் விடப்படுவது வருந்தத்தக்கது. பாடகரின் குரலுக்குப் பின்னர் கிடைத்த நன்மை, திரை நடிகரின் பேச்சுக்காகத் தேடப்பட்டது.

போருக்குப் பின் காந்த நாடா வந்தது. 1950களின் தொடக்கத்துக்குள் ஹாலிவுட் தன் மூலப்பதிவுகளைக் காந்தப் பூச்சுள்ள சுருளுக்கு மாற்றிக்கொண்டது. ஸ்டீஃபன் குடெல்ஸ்கி சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய நாக்ரா பதிவுக்கருவி, தோளில் தொங்கும் அளவில், தெருவிலும் வயலிலும் பேச்சைப் பதியச் செய்தது. வெளிப்புறப் பதிவு பெருகப் பெருக, மறுபதிவு அறைக்கு வரும் உரையாடலில் போக்குவரத்து, காற்று, கேமராவின் உறுமல், ஜெனரேட்டரின் ரீங்காரம் எல்லாம் கலந்து வந்தன. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் ஊசிமுனையளவு வெட்டி எடுக்கும் வடிகட்டிகள் இதற்காக வந்தன. ரே டால்பியின் நிறுவனம் 1960களின் நடுவில் இசைப்பதிவுக்கென உருவாக்கிய இரைச்சல் குறைப்பு முறையின் ஒரு மின்சுற்று அட்டையைத் திருத்தி, அதிர்வெண்களை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தள்ளுகுமிழ் கொடுத்து, பேச்சின் இடைவெளிகளில் மட்டும் இரைச்சலைத் தணிக்கும் கருவியாக்கியது. "கேட் 43" என்ற அட்டவணை எண்ணாலேயே அறியப்பட்ட அது, உரையாடல் கலவையாளர்களின் கைப்பழக்கமாயிற்று.

டால்பி நிறுவனம் அகாடமி வளைகோட்டின் சுழலையும் உடைத்தது. ஸ்டான்லி குப்ரிக்கின் "எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்" படத்தின் கலவையில் 1971இல் இரைச்சல் குறைப்பு பயன்பட்டது. ஆனால் அரங்கில் உயர் பகுதி அடங்கியே கிடக்கும்வரை கலவையில் பெற்ற தூய்மை பார்வையாளரை எட்டாது. அதனால் அரங்குகளின் ஒலியை அளந்து திருத்தும் வழக்கம் தோன்றி, 2000 ஹெர்ட்ஸ் வரை சமமாக நின்று அதற்கு மேல் ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், 3 டெசிபல் மட்டுமே சரியும் எக்ஸ் வளைகோடு 1977இல் உலகத் தரமாயிற்று. உரையாடலைக் கத்தியைப் போல் கூர்மையாக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. மூச்சும் தயக்கமும் கேட்கும் குரல் திரைக்கு வந்தது.

தமிழ்த் திரையில் இந்த வரலாறு சற்றே திரும்பி ஓடியது. சென்னையின் முதல் ஒலிப்பட ஸ்டுடியோவான ஸ்ரீநிவாஸா சினிடோனை 1934இல் நிறுவிய ஏ. நாராயணனின் மனைவி மீனாட்சி நாராயணன், இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளராகக் கருதப்படுபவர். அந்நாளில் பேச்சு படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவானது. பின்னர், உறுமும் கேமராக்களோடு வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியபோது, உரையாடலை முழுவதும் ஒலிக்கூடத்தில் மறுபடி பேசிப் பதியும் டப்பிங் பொதுவழக்கமாகிவிட்டது. டப்பிங் குரலில் தெரு இரைச்சல் இல்லை. ஆனால் மைக்குக்கு ஓரிரு சாண் தொலைவில் பேசுவதால் குரலின் அடிப்பகுதி தடித்து, உதட்டொலிகள் வெடித்து, வயலில் நிற்கும் மனிதரின் பேச்சு காதோரம் கேட்பது போலாகிறது. எனவே தமிழ் ஒலிக்கலவையாளருக்கு ஈக்வலைசரின் வேலை, அருகிலிருக்கும் குரலைத் தொலைவுக்கு அனுப்புவதாயிற்று. அடிப்பகுதியை வெட்டி, உயர் பகுதியைச் சற்றே மழுக்கி, எதிரொலி சேர்த்து, முகத்துக்கும் குரலுக்கும் இடையிலுள்ள இடத்தைச் செயற்கையாகக் கட்ட வேண்டியிருந்தது. டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் 1995இல் வெளிவந்த "குருதிப்புனல்", 2004இல் தளத்திலேயே பதிந்த பேச்சைக் கொண்டு வந்த "விருமாண்டி" ஆகிய படங்கள் அந்த வழக்கத்தில் திருப்பங்களாக அமைந்தன. தளத்தில் பதிந்த பேச்சின் உயிர்ப்பை ஒருமுறை கேட்டவர்களுக்கு, டப்பிங்கின் சீரான தெளிவு போதாமல் போவது இயல்பே.

டிஜிட்டல் முறை வந்தபோது பழைய நெருக்கடி தீர்ந்திருக்க வேண்டும். படச்சுருளின் இரைச்சலும் ஒளி வால்வு நாடாக்களின் மோதலும் மறைந்துவிட்டன. மனிதக் குரலின் முழு வீச்சும் சிதையாமல் அடங்கும் இடம் கிடைத்தது. ஆயினும் உரையாடல் கலவையாளர்கள் இன்றும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுகிறார்கள். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான கலங்கலைத் தணிக்கிறார்கள். 2000 முதல் 4000 ஹெர்ட்ஸில் சிறிது ஏற்றுகிறார்கள். 2க்கு 1 அல்லது 3க்கு 1 விகிதத்தில் மெல்லச் சுருக்குகிறார்கள். 1938இன் பொறியாளர் ஒருவர் இன்றைய கணினித் திரையைப் பார்த்தால் குமிழ்களை அடையாளம் காண மாட்டார், வளைகோட்டைக் கண்டுகொள்வார். ஊடகத்தில் இருந்த குறுகல் கேட்பவரின் அறைக்கு இடம்பெயர்ந்துவிட்டதே காரணம். மின்விசிறி சுழலும் கூடத்தில், தட்டையான தொலைக்காட்சியின் கீழ்நோக்கிய சிறு ஒலிபெருக்கியில், அல்லது ஓடும் பேருந்தில் கைபேசியில் கேட்கப்படும் பேச்சுக்கு உள்ள வீச்சு, ஒளி வால்வின் வீச்சைவிடப் பெரிதன்று.

இந்த நிலையில் உரையாடல் அளவிடப்படும் பொருளாக இருந்ததிலிருந்து அளவுகோலாகவே உயர்ந்தது. உரப்பை மனிதச் செவிக்கேற்ப அளக்கும் முறையை 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தது. விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிட உரக்க அலறுவதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 2010இல் கையெழுத்தாகி 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களும் 2010இல் தங்கள் தரத்தை வெளியிட்டனர். நெட்ஃபிளிக்ஸ் தனக்கு வரும் படைப்புகளின் உரப்பை, பேச்சு ஒலிக்கும் இடங்களை மட்டும் பிரித்தெடுத்து அளந்து, சராசரி −27 எல்கேஎஃப்எஸ் (உரப்பின் அலகு) என்ற அளவில் 2 அலகு கூடக் குறைய இருக்க வேண்டும் என்று கேட்கிறது. வெடிப்பும் இசையும் எங்கே நிற்கலாம் என்பது பேச்சு நிற்கும் இடத்தை வைத்தே முடிவாகிறது.

அரங்கில் அத்தகைய கட்டாயம் இல்லை. கிறிஸ்டோஃபர் நோலனின் "இன்டர்ஸ்டெல்லர்" 2014இல் வெளிவந்தபோது, இசையின் அடியில் பேச்சு கேட்கவில்லை என்ற முறையீடு பரவலாக எழுந்தது. பேச்சை மற்ற ஒலிகளுள் ஒன்றாகக் கையாண்டது தன் தேர்வே என்று அவர் விளக்கினார். கலைஞருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சொல்லைக் கேட்கும் உரிமைக்காக ஒளி வால்வோடும் வெள்ளித் துகளோடும் போராடிய தலைமுறைகளின் உழைப்பை நினைத்தால், பார்வையாளரின் முறையீட்டுக்கே எடை கூடுகிறது. பல படங்களுக்கு அரங்கக் கலவைக்குப் பிறகு வீட்டுக்கெனத் தனிக் கலவை ஒன்றும் செய்யப்படுகிறது. அதில் கலவையாளர் சிறிய ஒலிபெருக்கிகளின் அருகே அமர்ந்து, அதே உரையாடலை மறுபடி சுருக்கி, மறுபடி சமன்செய்கிறார். 2023இல் அமேசானின் பிரைம் வீடியோ, பேச்சைப் பின்னணியிலிருந்து பிரித்து உயர்த்தும் வசதியைச் சில படைப்புகளில் பார்வையாளருக்கே வழங்கத் தொடங்கியது. பேச்சு எவ்வளவு உயர வேண்டும் என்பதை அதில் வீட்டில் அமர்ந்திருப்பவர் தேர்வுசெய்கிறார்.